அப்பாவின் அளவு

“இன்னும் கொஞ்சம் தூக்கு” என்றான் டீட்ரிக். ஆக்னெஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். அப்பாவின் இடது தோளைப் பெட்டிக்குள் இறக்கினால் வலது தோள் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது.

நேற்றுக் காலை காபிக்குச் சர்க்கரை கேட்ட மனிதர், அது வருவதற்குள் மேஜையில் சாய்ந்துவிட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்தே அவள் இன்னும் மீளவில்லை. இப்போது இது வேறு.

கனடாவில், மனிடோபாவின் அந்த மென்னோனைட் கிறிஸ்தவர்களின் ஊரில் சவப்பெட்டியை வீட்டுப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். அண்ணன் டீட்ரிக் சமையலறை அலமாரிகள் செய்கிற தச்சன். அளவெடுத்துப் போனில் சொன்னது ஆக்னெஸ்.

இப்போது பெட்டியில் டேப்பை வைத்துப் பார்த்தாள். நீளம் சரி. அகலம் பதினாறு அங்குலம், உயரம் இருபத்து நாலு.

“அகலமும் உயரமும் மாறிப் போச்சுண்ணா!”

“நீ சொன்னதைத்தானே செஞ்சேன்? எழுபத்தெட்டு, இருபத்து நாலு, பதினாறு.”

“ஆமா. நீளம், அகலம், உயரம்.”

“அப்படி எவன் சொல்வான்? முதல்ல குறுக்களவு, அப்புறம் உயரம், கடைசியா ஆழம்.”

“அது உன் அலமாரிக்கு! எங்க அட்டைப்பெட்டி ஃபேக்டரில கூட்டுறவங்ககூட நீளம், அகலம், உயரம்னுதான் சொல்வாங்க.”

“எது எதுன்னு பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

சொல்லியிருக்கலாம். அப்பாவின் உடம்பருகே டேப்பை நீட்டியபோது வெறும் எண்களைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் வரவில்லை.

தேவாலயத்தில் ஊரே காத்திருந்தது. இன்னொரு பெட்டிக்குப் பலகையும் இல்லை, நேரமும் இல்லை. டீட்ரிக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். “அவருக்குன்னு கடைசியாச் செஞ்சதையும் கெடுத்துட்டேனே.” ஆக்னெஸின் கோபம் போன இடம் தெரியவில்லை.

அம்மா ஹெலெனா கறுப்பு உடையில் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

“அவர் என்னைக்கு மல்லாந்து படுத்தாரு?” என்றாள் அம்மா. “ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.”

ஆக்னெஸ் திடுக்கிட்டாள். “யாரையும் அப்படிப் புதைச்சதில்லையேம்மா. பாஸ்டர் என்ன சொல்வாரு?”

“பாஸ்டரா அவர்கூடப் படுத்துத் தூங்கினாரு?”

ஒருக்களித்து இறக்கினார்கள். தோள் எங்கும் உரசவில்லை. முழங்காலை மட்டும் சற்றே மடக்க வேண்டியிருந்தது. டீட்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியை எடுத்தான்.

“இரு. அவர் குழிக்குப் பக்கத்துல எனக்குன்னு விட்டிருக்கிற இடம் எந்தப் பக்கம்?”

“அவருக்கு இடது பக்கம்மா.”

அம்மா குனிந்து பார்த்தாள்.

“வலது பக்கம் பார்த்துக் கிடக்காரு. திருப்புங்க.”

அண்ணனும் தங்கையும் அப்பாவை மறுபடியும் தூக்கினார்கள். அம்மா அவர் தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.