அம்மா போட்ட அஞ்சு நட்சத்திரம்

வனத்துறை வாட்சர் குருசாமி அண்ணன் தன் போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் என் போன் அலறியது. காட்டு யானை, பாலத்து வளைவு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து அம்மா அந்த வளைவு வழியாகத்தான் நடந்து வருவாள்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் போனிலும் இதே சைரன் அடித்திருக்கும், நின்றிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 'ஆனை வருது' நான் எழுதிய ஆப். மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாக ஏறி நானே எல்லார் போனிலும் போட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று நிரலையும் இணையத்தில் திறந்து வைத்தேன். அப்போதெல்லாம் பழுது வந்தால், "சங்கரி, இதக் கொஞ்சம் பாரு தாயி" என்பார்கள்.

பேர் பரவியதும் பிளே ஸ்டோரில் வைத்தேன். அதோடு வந்தது வினை. யாரென்றே தெரியாதவர்கள், காசு கொடுத்து வாங்கியதுபோல, 'வேஸ்ட் ஆப்' என்று திட்டினார்கள். போன மாதம் எவனோ என் நிரலை அப்படியே எடுத்து, அதே பேர், அதே யானைப் படம், நடுவில் ரம்மி விளம்பரம் சேர்த்து விட்டான். லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். எடுத்தது தப்பில்லை, நான்தான் அனுமதித்தேன். ஆனால் அந்த நகலுக்கும் எங்கள் வாட்சர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. குருசாமி அண்ணன் அழுத்தினால் அதில் ஒன்றும் கேட்காது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனசு கேட்காமல் டார்ச்சோடு வெளியே இறங்கினேன். அம்மா மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"சைரன் கேக்கலியாம்மா? வளைவுல ஆனை நிக்குது."

"இல்லியே. மூங்கில் ஒடியற சத்தம் கேட்டுச்சு. காத்துன்னு நினைச்சேன்."

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ரம்மி விளம்பரம் ஓடியது.

"பழசத் தூக்கிட்டுப் புதுசு போட்டேன். லட்சம் பேர் எடுத்திருக்காங்கல்ல. எம்மக ஆப்புன்னு அஞ்சு நட்சத்திரமும் குத்திட்டேன்." முகம் முழுக்கப் பெருமை. அந்த முகத்திடம் எப்படிக் கோபப்படுவது?

"வேற யாருக்கும் சொன்னியா?"

"சொல்றதென்ன, லைன்ல எல்லார் போன்லயும் பழச அழிச்சு நானே மாத்திக் கொடுத்தேன்."

குருசாமி அண்ணன் மறுபடி அழுத்தினார். யானை லைனைப் பார்த்து ஏறுகிறது. வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, வாசல்களில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் என் போன் ஒன்றுதான் அலறியது.

அம்மாவின் முகம் மாறியது. ஒவ்வொரு வாசலாக ஏற ஓடினேன். எதிர் வரிசைக்கு அவள் ஓடினாள்.