பச்சைக்காரி குடிக்கும் தண்ணீர்

பொமரூன் ஆற்றங்கரையில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் எல்லோருக்கும் பெயிண்ட் பைத்தியம் பிடித்துவிடும். கோயிலுக்குப் போகிறவன், சர்ச்சுக்குப் போகிறவன் என்ற பேதமே கிடையாது. வேவ்னியின் புருஷன் உல்ரிக் இந்த வருஷம் சுவரோடு நிற்காமல் தகரக் கூரைக்கும் சிவப்பு அடித்தான். அடித்தது தப்பில்லை. கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் குழாயைத் திருப்பிவைக்க மறந்துபோனான், அதுதான் தப்பு. அன்று சாயங்காலமே ஒரு தூறல் விழுந்து, பாதி காய்ந்த பெயிண்டை வழித்துக்கொண்டு போய்க் கறுப்புத் தொட்டிக்குள் சேர்த்தது.

வேறு வருஷமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேவ்னி வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். இந்த வருஷம் பின்னறையில் பச்சைக்காரி இருந்தாள்.

பச்சைக்காரி ஒரு மரப்போவா, மரக்கிளையிலேயே வாழும் பாம்பு. இலைப் பச்சை உடம்பு, முதுகில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைக் கீற்றுகள். யாரோ ஒருவன் அதை அரிசிச் சாக்கில் கட்டிப் படகேற்றப் பார்த்து, துறையில் பிடிபட்டான். பாம்பை வனவிலங்கு அதிகாரி நேரே வேவ்னியிடம் கொண்டுவந்தார். பாம்பு வைத்துக்கொள்ள அனுமதியும் அதைத் தொடத் தைரியமும் சேர்ந்திருந்த ஆள் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். சாக்குக்குள் எத்தனை நாள் கிடந்ததோ, கண் உள்ளே போய், தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, வெயிலில் மறந்துபோன கத்தரிக்காய் மாதிரி இருந்தது. தேறினால் புது வருஷம் பிறந்ததும் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் அதிகாரி. தேறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்த இனத்துக்கு ஒரு ராங்கி உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கிளையில் சுருண்டபடியே இருந்து, மழை பெய்தால் தன் உடம்பு மடிப்பில் தேங்குவதைத்தான் உறிஞ்சும். ஆகவே வேவ்னி பாட்டில் தண்ணீரை வாங்கிவந்து அதன்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாட்டில் தீர்ந்தது. கடைத்தெருவில் இருந்ததையெல்லாம் ஊரே அள்ளிக்கொண்டு போயிருந்தது, மிச்சம் இருந்தது கலர் சோடாதான். ஆற்றிலோ படகு எஞ்சின்களின் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

தொட்டித் தண்ணீரையே தெளி என்றான் உல்ரிக். ஒரு கோப்பை பிடித்து, அவள் எதிரிலேயே மடக் மடக்கென்று குடித்தும் காட்டினான்.

“பாத்தியா? செத்தா போயிட்டேன்?”

“உன் எடை என்ன, அது எடை என்ன? நீ நாளைக்கு வாந்தி எடுத்துட்டுப் பாட்டுப் பாடுவே. அதுக்கு அந்தத் தெம்பும் கிடையாது.”

தொட்டியை வடித்துவிடு என்று கேட்டாள். அதற்கு மட்டும் அவன் இறங்கிவரவில்லை. மாசக்கணக்கில் சேர்ந்த தண்ணீர், ஒரு பாம்புக்காக மண்ணில் ஊற்றுவதா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். உண்மையான காரணம் வேறு. தொட்டியை வடித்தால், குழாயை மறந்தது தான்தான் என்று ஊரறிய ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவனாவது ஒத்துக்கொள்வதாவது!

வேவ்னி வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு யூலின் ஆன்ட்டியிடம் போனாள். ஆன்ட்டியின் கூரை பழைய கூரை, பெயிண்ட் இல்லை. ஆனால் ஆன்ட்டி கிறிஸ்துமஸ் சுத்தத்தில் தொட்டியையும் விட்டுவைக்கவில்லை.

“தாராளமா எடுத்துக்கோம்மா. நேத்துதான் ப்ளீச் ஊத்தினேன். எலுமிச்சம்பழ வாசனை போட்டது.” ஆன்ட்டியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வெறும் ப்ளீச் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஊற்றித் திறந்துவைத்து, வீரியம் போனபின் தெளிக்கலாம். சேர்ந்து வந்த வாசனையும் சோப்பும் எங்கே போகும்? வேவ்னி அந்த வாளியைத் தரை கழுவத்தான் எடுத்துவந்தாள். ஆன்ட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

இனி மிஞ்சியது வானம் ஒன்றுதான். வீட்டில் இருந்த சட்டி பானை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, கூரைக்கும் மரத்துக்கும் எட்டாத இடமாகப் பார்த்து முற்றத்தில் பரப்பினாள். பண்டிகைக் கறி கொதித்துக்கொண்டிருந்த பெரிய பானை மட்டும்தான் தப்பியது. அன்று முழுக்க மேகம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் கிடைத்தது ஒரு கையளவு. அதைக் கொண்டுபோய்த் தெளித்தாள். பச்சைக்காரி தலையைக்கூட அசைக்கவில்லை. வேவ்னிக்கு அழுகை முட்டியது. அழுதால் உல்ரிக்கின் காதில் விழும் என்று அடக்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில், கறுத்து மினுங்கும் இறைச்சிக் கறியும் பின்னல் ரொட்டியும் மேசைக்கு வந்து, யூலின் ஆன்ட்டி குடும்பத்தோடு படியேறிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. வேவ்னி கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கூண்டைத் திறந்து, பாம்பு சுருண்டிருந்த கம்பின் இரு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, புது மஞ்சள் கவுனோடு முற்றத்தில் இறங்கினாள்.

“உனக்குப் பைத்தியமா?” உல்ரிக் உரத்த குரலில் கேட்டான். “அது நழுவி மாமரத்துல ஏறிடுச்சுன்னா அதிகாரிக்கு என்ன சொல்லுவே? உன் அனுமதியே போயிடும்.”

“போகட்டும். குடிக்காமக் கூண்டுக்குள்ள செத்துச்சுன்னா மட்டும் என்ன சொல்றது?”

மழை அவள் தலையிலும் பாம்பின் மேலும் ஒன்றாகவே இறங்கியது. கை வலித்தது. ஆன்ட்டி வீட்டார் வராந்தாவில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பச்சைக்காரி அசையவில்லை. இவள் செத்தாலும் மழையில்தான் சாகட்டும், கூண்டுக்குள் அல்ல என்று வேவ்னி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

உல்ரிக் பொறுக்கமாட்டாமல் குடையோடு ஓடிவந்து அவள் தலைக்குமேல் பிடித்தான். நல்ல எண்ணம்தான். குடை பாம்பையும் சேர்த்து மறைத்தது.

“மடக்கு.”

மடக்கினான். அவனுடைய புதுச் சட்டையும் நனைந்து ஒட்டிக்கொண்டது. அப்போது பச்சைக்காரி மெல்லத் தலையை இறக்கினாள். சுருளின் மடிப்பில் வாயை வைத்தாள். தொண்டை ஒரு தரம் அசைந்தது, பிறகு இன்னொரு தரம், பிறகு நிற்கவே இல்லை. வேவ்னி அப்போதுதான் அழுதாள். மழையில் யாருக்கும் தெரியவில்லை, உல்ரிக்கைத் தவிர.

கல்யாணம் ஆன நாள் முதல் அவன் எந்தப் பாம்புக்கும் கையெட்டும் தூரத்தில் நின்றதில்லை. இப்போது இரண்டு கையையும் நீட்டினான்.

“கம்பை எங்கிட்டக் குடு. பத்திரமாப் பிடிச்சுக்கறேன்,” என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், பாம்பையே பார்த்துக்கொண்டு சொன்னான். “நீ போய்த் தொட்டியைத் திறந்து விடு. எல்லாம் போகட்டும். குழாயைத் திருப்ப மறந்தது நான்தான்.”