பாஸ்வேர்டைக் கத்திச் சொன்ன மாமனார்

மாமனாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் அளவோடுதான். மருமகள் கால்நடை டாக்டர்; வீட்டின் முன்பக்கத்து அறைகளில்தான் கிளினிக். மாமனார் வங்கி மேனேஜராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு, யாரும் கூப்பிடாமலே, கிளினிக்கின் வரவேற்பு மேசையைப் பிடித்துக்கொண்டார். வருகிறவர்களை வரிசையில் உட்காரவைப்பார். குரைக்கிற நாயைவிடச் சத்தமாக அதன் சொந்தக்காரரை அதட்டுவார். மருமகளை ஒரு வார்த்தை மெச்ச மட்டும் அவருக்கு வாய் வராது. கல்யாணம் பேசும்போது, “மனுஷங்களுக்குப் பாக்குற டாக்டரா கிடைக்கலியா?” என்று அவர் மகனிடம் கேட்டது அவள் காதில் விழுந்திருந்தது. அப்போது சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் மறக்கவில்லை.

கிளினிக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. வைரஸ் நுழையாமல் இருக்க ஒரு ஆன்டிவைரஸையும் அவனே போட்டிருந்தான். மாமனாருக்கு அதில் நம்பிக்கையில்லை. சம்பந்தி வீட்டுப் பையன் ஏதோ இலவசத்தைப் போட்டு ஒப்பேற்றிவிட்டான் என்று நினைத்தார். மருமகள் மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்த ஒரு மதியம், விளம்பரத்தில் பார்த்த இன்னொரு ஆன்டிவைரஸை வாங்கி அதிலேயே ஏற்றிவிட்டார். பழையதை எடுக்கவும் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகக் காவல் இருந்தால் நல்லதுதானே!

அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பிடித்தது சனி. ஒரு எக்ஸ்ரே படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். எச்சரிக்கைப் பெட்டிகள் திரையின் மூலையில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன.

“பழசாயிடுச்சு போல மாமா, வேற வாங்கணும்” என்றாள் மருமகள்.

“வெயில் காலம்மா. மிஷினுக்கும் சூடு இருக்கும்ல” என்று சொல்லி அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தையல்காரர் தன் பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தது அந்த வாரத்தில்தான்.

“டாக்டரம்மா, நூலோட சேத்து ஊசிய முழுங்கிடுச்சும்மா! கண்ணு முன்னாடியே போச்சு!”

பூனையின் வாயோரத்தில் சிவப்பு நூலின் நுனி தெரிந்தது. இழுக்கக் கை நீட்டிய தையல்காரரின் மணிக்கட்டை டாக்டர் பிடித்துக்கொண்டாள். ஊசி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நூலை இழுத்தால் குத்திக் கிழித்துவிடும். எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். உதவிக்கு இருக்கும் பெண் அன்று லீவு. தையல்காரரோ பூனையைப் பார்க்கவே மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“குடும்மா, நான் புடிச்சுக்கறேன்” என்று மாமனார் எழுந்தார். கதிர் படாமலிருக்கக் கனமான மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனார். பூனை அவர் கைக்குள் அடங்கிப் படுத்தது. படம் எடுத்தாகிவிட்டது.

“அப்படியே வெச்சிருங்க மாமா. அசைச்சா ஊசி எறங்கிடும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே கம்ப்யூட்டருக்கு ஓடினாள்.

படம் வரவில்லை. எக்ஸ்ரே படத்தைக் காட்டும் மென்பொருளையே காணோம். ‘சந்தேகத்துக்குரியது, பூட்டி வைக்கப்பட்டது’ என்றது ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை அனுப்பியவனே சந்தேகத்துக்குரியவன் என்றது இன்னொரு பெட்டி. பிறகு திரை உறைந்துபோனது.

தம்பிக்குப் போன் போட்டாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

“அக்கா, அதுல ரெண்டு ஆன்டிவைரஸ் ஓடுது. ஒண்ணு ஃபைலத் தொட்டா இன்னொண்ணு அதத் திருடன்னு புடிக்குது. நடுவுல உன் எக்ஸ்ரே மாட்டிக்கிச்சு. ரெண்டாவத யார் போட்டது?”

டாக்டர் உள் அறைப் பக்கம் திரும்பினாள். அங்கே இருமல் சத்தம் கேட்டது.

“சரி, அப்புறம் விசாரிச்சுக்கோ. ஆஃப் பண்ணித் திரும்பப் போட்டு, அத மொதல்ல தூக்கு.”

கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றதும் அந்த இரண்டாவதை நீக்கச் சொன்னாள். அது பாஸ்வேர்டு கேட்டது.

“மாமா, பாஸ்வேர்டு என்ன?”

உள்ளே மறுபடி இருமல்.

“மாமா!”

“நானே வந்து போடறேன்மா.”

“பூனைய விட்டுட்டா? சொல்லுங்க மாமா, நேரமாகுது!”

காத்திருந்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாமனார் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல மாமா!”

“என் மருமக சிங்கம்!” என்று உள்ளிருந்து கத்தினார் அவர். “இங்கிலீஷ் எழுத்துல. இடைவெளி கிடையாது!”

டாக்டரின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. பிறகு அடித்தாள். தவறு என்றது.

“தப்புங்குது மாமா.”

“என் மருமக சிங்கம்தாம்மா! நல்லா அடி!”

“சிங்கத்துக்கு ஹெச் உண்டா?” என்று மடியில் முயலோடு இருந்த பெரியவர் அக்கறையாகக் கேட்டார்.

“உண்டு, உண்டு! ஜிக்குப் பக்கத்துல!”

இந்த முறை ஏற்றுக்கொண்டது. புதிய ஆன்டிவைரஸ் மறைந்தது. இன்னொரு முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும், தம்பி சொன்னபடி பூட்டிலிருந்து மென்பொருளை விடுவித்தாள். படம் பளிச்சென்று வந்தது. ஊசி தொண்டையிலேயே குறுக்காக நின்றிருந்தது, வயிற்றுக்கு இறங்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் அவள் கைவசம். மயக்க மருந்து கொடுத்து, வாயைத் திறந்து, இடுக்கியால் ஊசியைப் பிடித்து, வந்த வழியாகவே வெளியே கொண்டுவந்தாள். மாமனார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி கிண்ணத்தில் விழுந்து கிணுங்கியபோது, அதுவரை அடக்கியிருந்த மூச்சை இருவரும் ஒன்றாக விட்டார்கள். வாசலில் நின்ற தையல்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விம்மினார்.

கை கழுவும்போது டாக்டர் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: “ஏன் மாமா அப்படி ஒரு பாஸ்வேர்டு?”

மாமனார் மேலங்கியின் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “பாஸ்வேர்டுன்னா எவனாலயும் ஊகிக்க முடியாததா இருக்கணும்மா. பேங்க்குல நாங்க அப்படித்தான் வெப்போம்.”

அவள் சிரித்த சிரிப்பு வரவேற்பறை வரைக்கும் கேட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை ஈரக்கையாலேயே துடைத்தாள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு, சிக்கிக்கொண்ட நாடாவைக் காட்டி, “இத கொஞ்சம் அவுத்து வுடும்மா” என்று குழந்தை மாதிரி முதுகைத் திருப்பி நின்றார்.

முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அவள் வெளியே குரல் கொடுத்தாள்: “அடுத்து யாரு? முயலா? உள்ள வாங்க!”