வலப்பக்கத்தில் நெம்பு இல்லை

காலை எட்டு மணிக்கு, காரைக்குடிப் பட்டறையில், நாகவல்லி செதுக்கிய கைத்துப்பாக்கியின் கறுப்புச் சாயம் உலர்ந்துவிட்டது. உடல் தேக்கு, பிடியின் இரு தகடுகளும் ஈட்டி மரம். தகடுகளில் குறுக்குவெட்டுக் கோடுகள் நெருக்கமாக ஓடி, திருகாணிகளைச் சுற்றி மட்டும் சாய்சதுரமாக இடம் விட்டிருந்தன. கதவுகளில் எத்தனையோ பூவேலை செய்தவளுக்கு, அந்தச் சிறு சாய்சதுரங்கள் தந்த பூரிப்பை எந்தத் தாமரையும் தந்ததில்லை.

கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டை எடுத்து, 1944ஆம் ஆண்டு பர்மாவில் நிகழும் திரைப்படம் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கதையின் அமெரிக்கப் படையினருக்கு '1911' என்னும் கைத்துப்பாக்கியின் மரநகல்கள் முப்பது தேவைப்பட்டன. மாதிரி தேறினால்தான் ஆர்டர். கலை இயக்குநர் மருதுபாண்டி ஏற்கெனவே இரண்டு பட்டறைகளின் மாதிரிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். பதினான்கு ஆண்டுகளாக அண்ணன் ஆசைத்தம்பியின் பெயரில் கதவும் நிலையும் செதுக்கிவந்த நாகவல்லிக்கு, இது தேறினால் தன் சொந்தப் பெயரில் வரும் முதல் வேலை. நண்பகலுக்குள் மாதிரி அங்கே இருக்க வேண்டும்.

எடுத்துப்போக ஸ்கூட்டரில் வந்தவள் கீர்த்தி, கலைப்பிரிவு உதவியாளர். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அதன் வரலாறு அவள் வாயிலிருந்து கொட்டத் தொடங்கியது. சோதனையின்போது ஆறாயிரம் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார்களாம், சூடேறிய துப்பாக்கியைத் தண்ணீரில் முக்கி எடுத்து மீண்டும் சுட்டார்களாம், ஒருமுறைகூடச் சிக்கவில்லையாம். 1911இல் ஏற்றுக்கொண்ட ராணுவம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கைவிடவில்லையாம். பிடியின் முதுகிலுள்ள பட்டையைக் கை இறுக்கிப் பிடித்தாலன்றி அது சுடாது. அது போதாதென்று, இடப்பக்கத்தின் பின்கோடியில் பூட்டுவதற்கான சிறு நெம்பு ஒன்றையும் கேட்டு வாங்கியது குதிரைப்படை. குதிரை மிரண்டால் ஒரு கை கடிவாளத்துக்கே போய்விடும்; மறு கையின் கட்டைவிரலாலேயே துப்பாக்கியைப் பூட்டி உறையில் செருக வேண்டும்.

நாகவல்லி துப்பாக்கியை வாங்கி வலக்கையில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் தானாகவே இடப்பக்க நெம்பின்மேல் போய் அமர்ந்தது. அந்தக் கச்சிதத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வலப்பக்கத்திலும் அதே போன்ற ஒரு நெம்பைச் செதுக்கியிருந்தாள். அதைத் தொட எந்த விரலும் இல்லை.

"கீர்த்தி, வெடிச்ச தோட்டாவோட கூடு எங்குட்டு விழும்?"

"வலப்பக்கந்தேன் அக்கா. மேல ஒரு சன்னல் இருக்குமே, அது வழியா."

அவள் செதுக்கியதில் சன்னலே இல்லை. மருதுபாண்டி அனுப்பியது இடப்பக்கப் படம் ஒன்று மட்டுமே. இரட்டைக் கதவில் ஒரு கதவுக்குத்தான் தாளில் வரைவார்கள்; தாளைப் புரட்டிப்போட்டால் மறுகதவு கிடைத்துவிடும். இடப்பக்கம் யாளி என்றால் வலப்பக்கமும் யாளி. மறுபக்கம் எப்படி இருக்கும் என்று அந்தத் தொழிலில் எவரும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

எட்டிப் பார்த்த ஆசைத்தம்பி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"குடுத்து விடு புள்ள. சினிமாக்காரன் துப்பாக்கியத் திருப்பியா பாக்கப் போறான்?"

"நீங்க செஞ்ச கதவா இருந்தா இப்படிக் குடுத்து விடுவீகளாண்ணே?"

அவர் தன் இழைப்புளிக்குத் திரும்பினார். நாகவல்லி கைபேசியில் வலப்பக்கப் படங்களைத் தேடி எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பயத்தைவிட வேகமே அவள் கையில் அதிகமாக இருந்தது. வலப்பக்க நெம்பும், அதேபோல் இரட்டிப்பாகச் செதுக்கியிருந்த தோட்டாப்பெட்டிப் பொத்தானும் உளிக்குச் சீவல்களாகச் சுருண்டு விழுந்தன. அவை இருந்த இடத்தில் ஓர் ஊசியின் வட்ட முனையும் சிறு திருகுத்தலையும் மட்டும் எழுந்தன. மேல்சட்டத்தில் சன்னலைக் குடைந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டாள். கால் அங்குலம் தவறினால் சட்டம் பிளந்துவிடும். பிளக்கவில்லை. உப்புத்தாள் போட்டு, சாயம் அடித்து, கீர்த்தியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி அமர்ந்தபோது மணி பதினொன்று. திருப்பத்தூர் சாலை நெடுகத் துப்பாக்கியைக் காற்றில் உயர்த்திப் பிடித்துச் சாயத்தை உலர்த்தினாள். எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் மிரண்டு வேகத்தைக் குறைத்தார்.

படப்பிடிப்பு வீட்டில் மருதுபாண்டி இடப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. வாங்கியதும் வலப்பக்கத்தைத் திருப்பி, ஓரிடத்தில் நகத்தால் தேய்த்தார். ஈரம் காயாத கறுப்பு நகத்தில் ஒட்டிக்கொண்டது.

"இங்க ஏதோ இருந்திருக்கே?"

சாயம் பிசகிவிட்டது என்று சொல்லி நாகவல்லி தப்பியிருக்கலாம். "லாக் வச்சிருந்தேன் சார். கதவுக்காரப் புத்தி, ரெண்டு பக்கமும் ஒண்ணாச் செஞ்சுட்டேன். காலையிலதான் செதுக்கி எடுத்தேன்."

"ஏன் எடுத்தே? படம் ஒரு பக்கந்தானே குடுத்தேன்?"

"குதிரையில போறவனுக்கு அங்குட்டு விரல் ஏது சார்? இடக்கை கடிவாளத்துல கெடக்கு. வலக்கைக் கட்டைவிரல் எங்க விழுகுதோ அங்கதான் லாக். சுட்ட கூடு இங்குட்டுப் பறக்கணும், அதுக்குத்தான் சன்னல். ஆளோட கையப் பாத்து வரைஞ்ச சாமான் சார் இது. அழகுக்கு வரைஞ்சது இல்ல."

முன்பு வந்த இரண்டு மாதிரிகளிலும் வலப்பக்கத்தில் நெம்பு இருந்ததாகவும், கேட்டபோது இருவருமே அப்படித்தான் இருக்கும் என்று அடித்துப் பேசியதாகவும் மருதுபாண்டி சொன்னார். பிறகு படைத்தலைவன் வேடமிட்டிருந்த நடிகரை அழைத்து, எதுவும் விளக்காமல் துப்பாக்கியைக் கொடுத்தார். நடிகர் அதை உயர்த்திப் பிடித்தார். அவருடைய கட்டைவிரல் யாரும் சொல்லாமலேயே நெம்பின்மேல் போய் அமர்ந்தது.

"முப்பதும் இருபது நாளுக்குள்ள வேணும்," என்றார் மருதுபாண்டி. "ஆர்டர் யார் பேருக்கு?"

நாகவல்லி தன் முழுப்பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு சேர்த்து, நிறுத்தி, இரண்டு முறை சொன்னாள். பிறகு முற்றத்து வெயிலுக்கு வந்து அண்ணனைக் கைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, முப்பது. நாளைக்குக் காலையில எம் பட்டறைக்கு வேலைக்கு வாரீகளா?"

மறுமுனையில் இழைப்புளி ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லு."