சுரண்டிய பச்சை

சுருளம்மா என்று மாணவர்கள் வைத்த பெயர் பேராசிரியைக்குப் பொருத்தம்தான். கண்ணிவெடி தேடும் கருவிக்குச் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியே அவருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அவருடைய தம்பி கண்ணிவெடி அகற்றும் படையில் இருக்கிறான். அடுத்த வாரம் எல்லைக்குப் போகிறான். துளி உலோகம் மட்டுமே உள்ள பிளாஸ்டிக் வெடிகளைக் கோட்டைவிடும் பழைய கருவியோடு போவானா, அக்காவின் புதுக் கருவியோடு போவானா என்பது இன்றைய சோதனையில்தான் இருந்தது.

சோதனை மைதானத்தில் மண்ணருகே கொண்டுபோனதும் கருவி ஊரைக் கூட்டியது. வெறும் மண்ணுக்கும் அலறியது, கல்லுக்கும் அலறியது. ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு சமர்த்தாக இருந்த கருவி! சுருளம்மா அதைக் கையில் தூக்கித் திருப்பினார். அப்போதுதான் அதன்மேல் மின்னிய பச்சை நிறத்தைப் பார்த்தார்.

"இது என்ன புதுசா?"

கருவியைச் செய்துகொடுத்த தொழிற்சாலை முதலாளி தலையைச் சொறிந்தார். "பெரிய மனுஷங்க வராங்களே, பளபளன்னு இருக்கட்டும்னு நேத்து ஒரு கோட்டிங் அடிச்சேம்மா."

"அந்தப் பெயிண்ட்ல அலுமினியப் பொடி இருக்கா?"

முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். உலோகம் தேடும் கருவிக்கு உலோகத்திலேயே சட்டை மாட்டிவிட்ட மனிதரை என்னதான் செய்வது?

இனி எல்லாம் அரசாங்கத்தின் சார்பில் சோதனை பார்க்க வந்த ராணுவ மேஜர் கையில். 'தோல்வி' என்று எழுதிவிட்டு அவர் ஜீப்பில் ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் மைதானம் நம்மளதுதான். சுரண்டுங்க."

கூட்டம் போட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் மூவரும் தலை முட்டச் சுரண்டினார்கள். அரசாங்கத்தின் நகத்திலும் பச்சை, தொழிற்சாலையின் மூக்கிலும் பச்சை. காணக் கண் கோடி வேண்டும்.

அடுத்த முறை சுருளம்மாவே தேடிப் பார்த்தபோது கருவி வெறும் மண்ணுக்கு வாயைத் திறக்கவில்லை. புதைத்து வைத்த பயிற்சி வெடிகளுக்கு மட்டும் கத்தியது. கத்திய இடத்தில் எல்லாம் கொடி நட்டார்கள்.

ஆனால் படையில் ஒரு வழக்கம் உண்டு. தேடி முடித்த பாதையில் தேடியவரே முதலில் நடக்க வேண்டும். பயிற்சி வெடி ஆளைக் கொல்லாது, என்றாலும் டமாரென்று வெடித்துப் புகை கக்கும். சுருளம்மா பாதையின் தொடக்கத்தில் வந்து நின்றார். தம்பி தினமும் இப்படித்தானே நடக்கிறான் என்று நினைத்ததும் கண் கலங்கியது. காலை எடுத்து வைத்தார்.

"பெயிண்ட் அடிச்சவன் நான்தானே, நானும் வரேன்" என்று முதலாளி பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் மேஜர். கொடிகளுக்கு நடுவே மறுகோடிவரை நடந்தார்கள். ஒரு வெடியும் வெடிக்கவில்லை.

அங்கே நின்றபடியே சுருளம்மா தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், பழசைத் திருப்பிக் குடுத்துடு. புதுசு வருது. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா அக்கா நடந்து பார்த்துட்டேன்டா."