புளியமரத்துப் பொந்தும் வால் புழுவும்

செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையோரம் நிற்கிற புளியமரத்தின் பொந்துக்குள் ஊசியில்லாத சிரிஞ்சை விட்டு, வினோதினி தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அன்று பௌர்ணமி. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாதபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். புழு நினைப்பில் இருக்கிறவளுக்கு நிலா நினைப்பு எங்கே வரும்.

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். மரப்பொந்துத் தண்ணீரில் வளரும் ஈக்களைப் புழுவாக இருக்கும்போதே இனம் காண்பது அவள் ப்ராஜெக்ட். பதினொரு மரம் பார்த்தாள். பத்தில் கொசுப்புழு. கொசுவும் ஈ ஜாதிதான் என்பதால் அதெல்லாம் எழுதியாகிவிட்டது. இந்தப் பதினோராவதில் மட்டும் எலிவால் போல நீண்ட வாலோடு ஒன்று. புழுவை வைத்து அதன் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இன்னார் என்று சொல்ல, அதை வளர்த்து ஈயாக்கி, றெக்கை நரம்பைப் பார்க்க வேண்டும்.

முதலில் பிடித்த நாலு புழுக்களை ஊறுகாய் பாட்டிலில் வீட்டில் வைத்திருந்தாள். அம்மா ஜோதியம்மாள் அதைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். "நாத்தம் தாங்கலடி. பாட்டில் இப்ப எப்படி பளபளன்னு கீது பாரு."

"ஈ இல்லன்னா அத்தியாயம் இல்ல, அத்தியாயம் இல்லன்னா அடுத்த வருஷம் வா" என்றார் புரொபசர் அப்பாதுரை. அடுத்த வருஷத்துக்கு அவள் வீட்டில் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைவாவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

வேர் வழுக்குமே என்று செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தில் நெற்றியை ஒட்டி, ஒற்றைக் கண்ணால் பொந்துக்குள் பார்த்தபடி, பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்னாம்மா எடுக்கற?"

கலசபாக்கத்திலிருந்து கிரிவலம் வந்த திரௌபதி. ஐம்பது வயதிருக்கும். கையில் காலி வாட்டர் பாட்டில்.

"புழுங்க."

"சொல்ல இஷ்டமில்லன்னா வுடு. செருப்பக் கழட்டிட்டு யாராச்சும் புழு எடுப்பாங்களா?"

திரௌபதி கும்பிட்டுவிட்டுப் பின்னால் நின்றாள். ஒருத்தர் நின்றால் அடுத்தவர் நிற்காமல் போவது இந்த ஊரில் நடக்காத காரியம். கால்மணி நேரத்தில் வரிசை ரமணாசிரமம் பக்கமாக நீண்டது. அதில் வாயைத் திறக்காத ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். மௌன விரதமாம்.

"குடிக்காதீங்க, வயித்தால போவும்" என்று கத்தினாள் வினோதினி.

"குடிக்க மாட்டோம். தலையில தெளிச்சிக்குவோம்" என்றாள் திரௌபதி. அதற்குள் நாலு பேர் டம்ளரை விட்டு மொண்டுவிட்டார்கள்.

வினோதினிக்கு அழுகை வந்தது. அவள் அத்தியாயம் பல ஊர்களுக்குப் பாட்டில் பாட்டிலாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. புழு என்ற உண்மை எடுபடவில்லை. ஓடிப்போய் டீக்கடையில் டீ வடிகட்டி ஒன்று வாங்கி வந்து, வரிசை முடிகிற இடத்தில் நின்றாள்.

"எல்லாரும் இங்க வடிகட்டிட்டுத்தான் போவணும்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வடிகட்டி பிடித்தவர் யாராயிருந்தாலும் அவருக்கு அதிகாரம் இருக்கும் என்று நம்பினார்கள். தண்ணீர் அவர்களுக்கு, வடிகட்டியில் தங்கியது இவளுக்கு. அவள் சிரிஞ்சு எட்டாத அடிச் சேறு வரை பக்தர்கள் பொறுமையாகச் சுரண்டிக் கொடுத்தார்கள். பத்தொன்பது புழு கிடைத்தது.

திரௌபதி வடிகட்டியை எட்டிப் பார்த்தாள். "அட, நெசமாவே புழு. வால ஆட்டுது பாரேன்."

"வால் இல்லங்க. மூச்சு விடற குழாய்."

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

"எங்க வூட்டுக்காரர் தேவலாம்" என்றாள் திரௌபதி. பிறகு போன் நம்பர் வாங்கிக்கொண்டாள். "செத்துப் போவாம பாத்துக்கோ. பறந்தா சொல்லு."

இந்தமுறை பாட்டில் மேல் வினோதினி ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். ஜோதியம்மாள் அதைத் தொடவேயில்லை.

புழுக்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டு மரத்தூளுக்கு ஏறிக் கூட்டுப்புழு ஆயின. முக்கால்வாசிக்குமேல் பூசணம் பிடித்துச் செத்தன. தினமும் சாயங்காலம் போன் வந்தது. "என்னாம்மா, பசங்க எப்படி கீறாங்க?" அவள் செத்த கணக்கைக் கம்மியாகவே சொன்னாள்.

வைவாவுக்கு முந்தின நாள் காலை, கட்டியிருந்த வலைத்துணிக்குள் இரண்டு ஈக்கள் உட்கார்ந்திருந்தன. தேனீ மாதிரி மஞ்சள் பட்டை, பெரிய கண். றெக்கை நரம்பைப் பார்க்க ஒன்றைக் கொன்று ஊசியில் குத்தியே ஆக வேண்டும். இரண்டு இருந்தால் நல்லது என்று அப்பாதுரை சொல்லியிருந்தார்.

ஒன்றைக் கொன்றாள். லென்ஸ் வைத்துப் பார்த்து, பெயர் கண்டுபிடித்து எழுதினாள். போன் அடித்தது.

"பறந்துச்சா?"

"இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வலையை மாடிக்கு எடுத்துப்போய் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவது ஈ விளிம்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. அதற்கு அவசரமே இல்லை.

"இன்னாம்மா, லைன்ல கீறியா?"

அது எழும்பிக் கொல்லைப் பக்கம் போனது.

"பறந்துடுச்சுக்கா" என்றாள் வினோதினி.

மறுநாள் அப்பாதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஊசியில் இருந்ததைப் பார்த்தார். "ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

"போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.