மெஷினுக்கு மாட்டிய கண்ணாடி

காய்ந்த துணிகளை எடுக்க வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த கொட்டகைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பழைய ஜீன்ஸ் பேண்ட்டுகளைப் பிரித்து, முதுகு ஒடிய உட்கார்ந்து, தீப்பொறி மேலே படாமலிருக்கக் கணவனுக்கென்று அவள் தைத்த கனமான மேலங்கி ஒரு மோட்டாருக்குப் போர்த்தப்பட்டிருந்தது. இடுப்பு நாடாவைக்கூட அழகாக முடிச்சுப் போட்டிருந்தார் மனிதர்.

"என்னங்க இது?"

"தூசி உள்ள போனா மோட்டார் வீணாயிடும்மா" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காந்துடுச்சு பாரு."

"அளவெடுத்துத்தான் தெச்சேன். உங்களுக்கு."

அவர் கேட் செய்கிறவர். பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது, 'கேட்டுக்காரர்' என்றால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். இரும்புத் தகட்டில் பூவும் கொடியும் கையாலேயே வெட்டி வெட்டித் தோள் தேய்ந்தவர். இத்தனைக்கும் அவர் வீட்டுக்குக் கேட் கிடையாது. ஒரு பழைய பிளைவுட் பலகைதான் வாசலில் சாய்ந்து நிற்கும்.

அவருக்குத்தான் அந்த ஆசை வந்தது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், மின்பொறியால் இரும்பை உருக்கி வெட்டும் பிளாஸ்மா கட்டரைத் தானாகவே நகர்த்தி, அந்தப் படத்தை அப்படியே தகட்டில் வெட்டித் தரும் மேசை. கடையில் விற்கிறது. வாங்கக் கட்டுப்படியாகாது, நாமே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டார். சதுரக் குழாயில் சட்டம் கட்டினார். பழைய இயந்திரங்களில் இருந்து மோட்டார்களைக் கழற்றி வந்தார். ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் கொட்டகைக்குக் குடிபோனது. அவளும் முணுமுணுத்தாளே ஒழியத் தடுக்கவில்லை, ஏனென்றால் மேசை வெட்டும் முதல் கேட் தங்கள் வீட்டுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். படத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். ஒரு கொடி, அதில் எதிரெதிரே இரண்டு பறவைகள்.

அது தகட்டில் விழுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவள் கவலையோ அந்தக் கண்ணைப் பற்றித்தான். பிளாஸ்மா கட்டரின் ஒளியைப் பார்ப்பது சூரியனை நேருக்கு நேர் பார்ப்பது போலத்தான். அதை வெறுங்கண்ணால் உற்று உற்றுப் பார்ப்பார். சொன்னால், "பழகின கண்ணும்மா இது" என்பார். கண் என்ன, தெருநாயா பழகுவதற்கு?

மேலங்கி போனால் போகட்டும் என்று மூக்குக்கு முகமூடி வாங்கி வந்தாள். அது கம்ப்யூட்டரின் காற்றாடிக்கு வடிகட்டி ஆயிற்று. கடைசியில் நல்லதாகப் பார்த்து வெல்டிங்காரர்கள் போடும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் பார்த்தால், அது ஸ்டாண்டில் நிற்கும் செல்போனுக்கு முன்னால் ரப்பர் பேண்டில் தொங்கியது.

"வெட்டறத வீடியோ எடுத்தாதான் எங்க தப்பு வருதுன்னு தெரியும்" என்று விளக்கினார். "நேரா எடுத்தா அந்த வெளிச்சத்துல கேமரா போயிடும்."

"கேமரா போயிடும்னு தெரியுதுல்ல?"

"தெரியாம என்ன?"

அவள் அவரையே பார்த்தாள். அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். எலக்ட்ரீஷியன், பட்டப்பெயர் 'ஷாக்'. கட்டரைப் பற்றவைத்த மறுநொடியே மோட்டார்கள் பேய் பிடித்ததுபோல் இஷ்டத்துக்கு ஓடின. எர்த் சரியில்லை என்று ஷாக் தரையில் கம்பி இறக்கினான், ஒயர்களுக்கெல்லாம் உறை போட்டான். அவன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலை பார்த்தான். கேட்டுக்காரர் மட்டும், தகட்டுக்கும் நெருப்புக்கும் இடைவெளி சரியா என்று பகல் முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

"மாப்ள, காலைல முதல் வேலையா நம்ம கேட்" என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

காலையில் அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டிலும் மணலை அள்ளிப் போட்டாற்போல் எரிச்சல். இமை வீங்கி, தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. "பார்வை போயிடுச்சாம்மா?" என்று சின்னக் குழந்தை மாதிரி கேட்டார். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போயிற்று. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மருந்து போட்டு, இரண்டு கண்களையும் மூடிக் கட்டினார். "இந்தத் தடவை தப்பிச்சீங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும். தினம் இப்படிப் பார்த்தா ஒருநாள் சரியாகாமலே போகும்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷாக் மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். "நீங்க வெட்டுங்க. நான் சத்தத்தையாவது கேட்டுக்கறேன்" என்று தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஷாக் ஹெல்மெட்டை மாட்டினான். அவள் மோட்டாரிலிருந்து மேலங்கியை அவிழ்த்துத் தான் அணிந்துகொண்டாள். பிறகு ஸ்விட்சைத் தட்டினாள்.

சீறும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை, திக்கவில்லை, ஒரே சீராகப் போனது. கட்டுக்கு உள்ளேயிருந்து அவருக்குத் தண்ணீர் வழிந்தது. மருந்தினால் அல்ல.

"பறவைக்குக் கண்ணு விழுந்துச்சா?" சத்தம் ஓய்ந்ததும் அதைத்தான் கேட்டார். "அது சின்ன ஓட்டை. அதுலதான் மெஷினோட லட்சணம் தெரியும்."

"விழுந்துச்சு மாமா. ரெண்டுக்கும் அச்சா விழுந்துச்சு."

"வீடியோ எடுத்தியாம்மா? கட்டைப் பிரிச்சதும் பாக்கறேன்."

"எடுக்கலீங்க."

"ஏன்?"

"இருந்தது ஒரு கண்ணாடி. போனுக்கா, எனக்கான்னு பார்த்தேன். நான் போட்டுக்கிட்டேன்."

தண்ணீர் ஊற்றித் தகடு ஆறியதும், அவள் ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்துவிட்டு, அவர் விரலைப் பிடித்துப் பறவையின் கண்மேல் வைத்தாள். வட்டமான, வழவழப்பான சின்ன ஓட்டை.

"இது தப்பாப் போயிருந்தா வேற தகட்டுல வெட்டிக்கலாம்" என்றாள். "உங்க கண்ணு போனா எந்தத் தகட்டுல வெட்டறது? கண்ணை வித்துச் சித்திரம் வாங்கற கதை நம்ம வீட்டுல வேணாங்க."

அவர் விரலை எடுக்கவில்லை. அதைத் தடவிக்கொண்டே, "மாப்ள, நாளைக்கு லீவு சொல்லிடு. இன்னொரு வேலை இருக்கு" என்றார்.

"என்ன மாமா?"

"ஸ்விட்சுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி மாட்டு. கண்ணாடி அதுல தொங்கற வரைக்கும் மெஷினுக்குக் கரண்ட் போகக் கூடாது. எடுத்தாதான் போகணும்."

"எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டா?"

"அதுக்குத்தான் உங்க அக்கா இருக்கா."

அவள் சிரித்துவிட்டாள். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு.

கட்டுப் பிரித்ததும் அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெட்டிய முதல் தகடு இன்றும் அந்தக் கொக்கிக்கு மேலே இருக்கிறது. பூவில்லை, கொடியில்லை, வெறும் எழுத்து. "மெஷினுக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்கும், மனுஷனுக்குக் கிடைக்காது. முதலில் உன்னைக் காப்பாற்றிக்கொள், பிறகு வேலையைத் தொடு."